ஒவ்வோர் அடிக்கும் மூன்று பில்

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து 28 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். உப்பளத்தில் உப்பு வாரும் ஒரு தந்தையையும், மேற்கொண்டு படிக்கத் துடிக்கும் அவருடைய மகளையும் பற்றி 12 நிமிடக் குறும்படம் எடுக்கத் திட்டம். பகல் காட்சிகள் பஸ் நிலையத்திலும் உப்பளத்திலும், இரவுக் காட்சி ஒன்று வீட்டுக்குள். டிஜிட்டலில் எடுக்க மனமில்லை. சூப்பர் 16 பிலிமில்தான் (16 எம்எம் பிலிமிலேயே அகலமான சட்டகம்) எடுக்க வேண்டும் என்கிறார். அவர் விசாரித்த விலைகள்: 400 அடி ரோல் ஒன்று வரி உட்பட ரூ. 26,000, மும்பை லேப் ஒன்றில் நெகட்டிவ் கழுவ அடிக்கு ரூ. 25, கழுவியதை டிஜிட்டல் கோப்பாக மாற்றும் 2கே (அகலத்தில் சுமார் 2,000 புள்ளிகள்) ஸ்கேனுக்கு அடிக்கு ரூ. 30. ஒரு நிமிடத்துக்கு 36 அடி, 12 நிமிடத்துக்கு 432 அடி, ஷாட்டுக்கு இரண்டு டேக் என்று கணக்கிட்டு இரண்டு ரோல் போதும் என்று முடிவுசெய்திருக்கிறார். ரோலுக்கு ரூ. 52,000, கழுவ ரூ. 20,000, படத்தில் வரும் 12 நிமிடத்தை மட்டும் ஸ்கேன் செய்ய சுமார் ரூ. 13,000, ஆக ரூ. 85,000. கையில் சேமிப்பு ஒன்றரை லட்சம். நண்பர் ஒரு லட்சம் தருவதாகச் சொல்கிறார்; பணம் திரும்பும் வரை நெகட்டிவ் தன் பெயரில் லேபில் இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தால் இன்னும் ஒரு லட்சம் கிடைக்கும். மலிவாக வரும் பழைய ரோல்களை வாங்கலாமா, நண்பரின் நிபந்தனைக்குச் சம்மதிக்கலாமா, இந்தப் பட்ஜெட் சரியா என்பவை அவர் கேள்விகள்.

தயாரிப்பு நிர்வாகியின் பதில்:

தம்பி, நிமிடத்துக்கு 36 அடி என்பது சரி. 16 எம்எம் பிலிமில் ஓர் அடிக்கு 40 பிரேம்கள். விநாடிக்கு 24 பிரேம் ஓடினால் நீங்கள் எழுதிய எண்தான் வரும். 400 அடி ரோல் 11 நிமிடம் ஓடும். அதற்குப் பிறகு வரும் கணக்கில்தான் எனக்கு உடன்பாடில்லை. ரோல் விலையைப் படத்தின் செலவாகவும், கழுவுவதையும் ஸ்கேனையும் பிற்பாடு பார்த்துக்கொள்ளும் சில்லறையாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேமராவுக்குள் ஓடும் ஒவ்வோர் அடிக்கும் மூன்று முறை பணம் கட்டுகிறீர்கள். உங்கள் விலைகளையே வைத்துக்கொள்வோம். ரோல் அடிக்கு ரூ. 65, கழுவ 25, ஸ்கேன் 30. மொத்தம் ரூ. 120. ஒரு விநாடிக்கு 0.6 அடி, அதாவது விநாடிக்கு ரூ. 72. இந்த எண்ணைக் கிளாப் பலகையின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். நடிகரைப் பயமுறுத்த அல்ல, உங்களுக்காக.

அடிக்கணக்கை ஷாட்டிலிருந்து தொடங்குங்கள்

படத்தின் நீளத்தை இரண்டால் பெருக்கினால் பட்ஜெட் வராது. உங்கள் ஷாட் பட்டியலில் ஏழாவது ஷாட்டை எடுத்துக்கொள்கிறேன்: தந்தை வரப்பில் நடந்து வந்து பாத்தியில் இறங்குகிறார். திரையில் 20 விநாடி. கேமரா வேகம் பிடிக்க வேண்டும், கிளாப் அடிக்க வேண்டும், நீங்கள் 'ஆக்‌ஷன்' சொன்ன பிறகு அவர் நடக்கத் தொடங்க வேண்டும், முடிந்த பிறகும் இரண்டொரு விநாடி ஓடவிட வேண்டும். குறைந்தது 35 விநாடி. மூன்று டேக் என்றால் 105 விநாடி, 63 அடி, ரூ. 7,560. திரையில் தெரியப்போவது 20 விநாடிதான். உப்பு கொட்டுவதை ஸ்லோ மோஷனுக்காக 48 பிரேம் வேகத்தில் எடுக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே கேமரா ஓடும் ஒரு விநாடி இரண்டு விநாடி நெகட்டிவைத் தின்றுவிடும்.

இதன் மேல் சேதாரம் உண்டு. கேமராவின் பிலிம் பெட்டியான மேகசினில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் தலையிலும் வாலிலும் சில அடி வெளிச்சம் பட்டுப் போகும். ரோலில் 30 அடி மிச்சமிருக்கும், அடுத்த ஷாட்டுக்கு 40 அடி வேண்டும். அந்த 30 அடி துண்டு பிலிமாகக் கேனுக்குத் திரும்பும். இதற்கெல்லாம் 15 சதவீதம் ஒதுக்குவது என் வழக்கம். பழகாத குழு என்றால் அதற்கு மேலும் போகும்.

முதல் படம் எடுப்பவர் ஒரு நிமிடப் படத்துக்கு ஐந்து நிமிடம் ஓட்டுவது சாதாரணம். 12 நிமிடத்துக்கு 60 நிமிடம், 2,160 அடி, சேதாரம் சேர்த்து ஆறு ரோல்கூட முட்டும். ஆறு ரோல் ரூ. 1,56,000, கழுவ ரூ. 60,000, ஸ்கேன் ரூ. 72,000, மொத்தம் ரூ. 2,88,000. நீங்கள் எழுதிய 85 ஆயிரம் எங்கே, இது எங்கே. சங்கிலியை அடகு வைத்தாலும் மூன்றரை லட்சத்தில் மிச்சம் 62,000. அதில் கேமரா வாடகை, வண்டி, சாப்பாடு, ஒலி, நிறம் சரிசெய்யும் கிரேடிங், ஹார்டு டிஸ்க் எல்லாம் அடங்க வேண்டும்.

விலைப் பட்டியலில் தேதியையும் பாருங்கள். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்த காலம் போய்விட்டது. உங்களுக்கு வரும் கோடாக் ரோல் அமெரிக்காவிலிருந்து வருகிறது. டாலர் ஏறினால் விலையும் ஏறும். சொன்ன விலை எத்தனை நாள் செல்லும், கழுவும் விலையிலும் ஸ்கேன் விலையிலும் வரி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ரோலுக்கு மட்டும்தான் 'வரி உட்பட' என்று எழுதியிருக்கிறீர்கள்.

வேண்டியதை மட்டும் ஸ்கேன் செய்ய முடியுமா

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கழுவி வந்த நெகட்டிவைப் பார்த்தால் எந்த டேக் நல்லது என்று உங்களால் சொல்ல முடியாது. முன்பு ரஷ் பிரிண்ட் (நெகட்டிவிலிருந்து பார்ப்பதற்காகப் போடும் பிரதி) போட்டுப் பார்த்துதான் தேர்வு செய்தோம். இன்று அந்த ரஷ்ஷின் இடத்தில் இருப்பது ஸ்கேன். பெரிய படங்களில் மட்டமான தரத்தில் ஒருமுறை ஸ்கேன் செய்து எடிட் முடித்துவிட்டு, தேர்ந்த பகுதிகளை உயர்ந்த தரத்தில் மறுபடி ஸ்கேன் செய்வது உண்டு. ஆயிரம் அடிப் படத்துக்கு அது இரட்டை வேலை. நெகட்டிவை மெஷினில் ஏற்றுவதற்கும் சுத்தம் செய்வதற்கும் மறுபடி கட்டணம், மறுபடி கீறல் விழும் வாய்ப்பு. முழுவதையும் ஒரே தடவை 2கே தரத்தில் எடுத்துவிடுங்கள். 16 எம்எம்முக்கு அது போதும். 4கே என்று யாராவது ஆசை காட்டினால் தலையாட்டாதீர்கள்.

சில இடங்களில் ஸ்கேனுக்கு அடிக்கணக்கு இல்லாமல் மணிக்கணக்கில் விலை சொல்வார்கள். அந்த ஒரு மணி என்பது மெஷின் நேரம். ஏற்றுவது, சரிபார்ப்பது, கலரிஸ்ட் பக்கத்தில் இருந்தால் ஷாட் ஷாட்டாக நிறம் திருத்துவது எல்லாம் அதில் ஓடும். ஒரு மணி நேர நெகட்டிவ் ஒரு மணியில் முடியாது. உங்களுக்கு அடிக்கணக்கே பாதுகாப்பு. ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்; சின்ன வேலைக்கு அதுதான் அடிக்கும்.

கோப்பு வடிவத்தையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு பிரேமையும் தனிப் படமாகச் சேமிக்கும் டிபிஎக்ஸ் கோப்பு, முழுச் சட்டகத்துக்கு 2கே தரத்தில், பிரேமுக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டைத் தாண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டெராபைட்டுக்கு மேல். சுருக்கிய வீடியோ வடிவமான புரோரெஸ் 4444 அதில் சிறு பங்குதான், உங்கள் தேவைக்கு நிறைவானது. ஸ்கேன் கோப்பு வெளிறிப்போய், நிறம் செத்ததுபோல வரும். பதறவேண்டாம், அப்படி வருவதே சரி. நிறம் கொண்டுவருவது கிரேடிங். அதற்கு உங்கள் செலவுப் பட்டியலில் இடமே இல்லை. உடனே சேருங்கள்.

உள்ளூரில் போட்டோ ரோல் கழுவும் ஸ்டுடியோவில் மலிவாகக் கழுவிவிடலாமா என்று ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. சினிமா கலர் நெகட்டிவுக்கு ஈசிஎன்-2 என்று தனி முறை. போட்டோ ரோலுக்கான ரசாயனம் வேறு. சென்னையில் ஜெமினி, பிரசாத், ஏவிஎம், விஜயா என்று லேப்கள் இரவு பகலாக ஓடிய நாளில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இன்று மும்பை லேபில் மெஷின் எந்த நாளில் ஓடும் என்று கேட்டு, அதற்கேற்பப் படப்பிடிப்புத் தேதி வைக்க வேண்டும்.

பழைய ரோல்கள்

நீங்கள் சொல்வது பியூஜி ரோல்கள். பியூஜி 2013-லேயே சினிமா நெகட்டிவ் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கேனில் எவ்வளவு புதிதாக லேபிள் இருந்தாலும் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எங்கே கிடந்தது, ஃப்ரீசரிலா, பரணிலா என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்க முடியாது. பழைய பிலிமில் வேகம் (வெளிச்சத்தை உணரும் திறன்) குறையும், நிழலில் புகைபோல் மூட்டம் ஏறும், கிரெயின் (படத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகள்) பெருகும். லேபில் சில அடி வெட்டிக் கொடுத்துச் சோதிக்கலாம். ஆனால் ஒரு கேன் நன்றாக இருந்தால் மற்ற கேன்களும் அப்படியே என்று பொருளல்ல. பணக்கணக்கிலும் பாருங்கள். ரோல் இலவசமாகவே வந்தாலும் அடிக்கு ரூ. 65-தான் மிச்சம், கழுவவும் ஸ்கேனுக்கும் ரூ. 55 போய்க்கொண்டே இருக்கும், மங்கலான படத்துக்கு. வேண்டாம்.

உப்பளமும் ஒரே வகை ரோலும்

பகலுக்கு 50 டேலைட் (7203), இரவுக்கு 500 டங்ஸ்டன் (7219) என்று இரண்டு வகை கோடாக் பிலிம் எழுதியிருக்கிறீர்கள். டேலைட் பகல் வெளிச்சத்துக்கு, டங்ஸ்டன் விளக்கு வெளிச்சத்துக்கு; முன்னால் உள்ள எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். தொழில்முறையில் தவறில்லை. நடுப்பகல் வெயிலில் 50 ஏஎஸ்ஏ (பிலிமின் வேகம்) பிலிமுக்கு லென்ஸ் துளை எஃப் 16 வரும், உப்பின் வெண்மையில் இன்னும் மூட வேண்டியிருக்கும், கேமராமேனுக்கு வசதி. ஆனால் உங்கள் மடிக்கு இது சரிவராது. இரண்டு வகை என்றால் இரண்டிலும் மிச்சத் துண்டு விழும். இதில் மிஞ்சியது அதற்கு உதவாது. இரவுக் காட்சியை விடியற்காலைக்கு மாற்றிப் பாருங்கள். மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புகிற காட்சிதானே. விளக்கு வெளிச்சம் வேண்டும் என்று கதை எங்கேயும் கேட்கவில்லை. அப்போது எல்லாவற்றையும் 250 டேலைட் (7207) ஒன்றிலேயே முடிக்கலாம். உப்பளத்தில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. 0.9 பில்டர் போட்டால் வெயில் அடங்கும், வீட்டுக்குள் அதைக் கழற்றிவிடலாம். லைட் வாடகையும் மிச்சம். அளவு தப்பினால் வெளிச்சம் கூடுதலாகப் பட்ட நெகட்டிவைக் காப்பாற்றிவிடலாம், குறைவாகப் பட்டதை முடியாது என்பதை மட்டும் கேமராமேனிடம் சொல்லிவையுங்கள். லேபில் அதிக நேரம் கழுவிச் சரிசெய்யலாம் என்று நினைத்தால், அதற்குத் தனிக் கட்டணம், ரோல் முழுவதற்கும் ஒரே மாதிரிதான் செய்வார்கள், கிரெயினும் ஏறும்.

கேமரா வாடகைக் கடையில் முதலில் கேட்க வேண்டியது: கேமரா சூப்பர் 16-ஆ, சாதாரண 16-ஆ? சாதாரண 16 சட்டகம் கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும். இன்றைய அகலத் திரைக்கு வெட்டினால் கால் பங்கு போய்விடும், காசு கொடுத்த நெகட்டிவ் அது. படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பு, அதே கேமரா அதே மேகசினில் ஐம்பது அறுபது அடி ஓட்டிக் கழுவிப் பாருங்கள். கீறல், ஆட்டம், வெளிச்சக் கசிவு மூன்றும் அதில் தெரிந்துவிடும். உப்பளத்தில் காற்றோடு உப்புத்தூள் வரும். ஒவ்வொரு நல்ல டேக்குக்குப் பிறகும் லென்சைக் கழற்றி, அதன் பின்னால் பிலிம் ஓடும் சட்டமான 'கேட்'டை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டின் ஓரத்தில் ஒட்டிய ஒரு துகள் அந்த ஷாட் முழுவதும் திரையின் விளிம்பில் மீசைபோல் நிற்கும். மும்பையிலிருந்து கோப்பு வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

ரோல்களை 13 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் வையுங்கள். குளிரிலிருந்து வெளியே எடுத்தவுடன் கேனைத் திறக்காதீர்கள். தூத்துக்குடிக் கடற்காற்றில் பிலிமின் மேல் நீர் பூத்துவிடும். மூடியபடியே ஒன்றரை மணி நேரம் வெளியில் இருக்கட்டும். எடுத்து முடித்த நெகட்டிவை விமானத்தில் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. அந்த எக்ஸ்ரே படத்தில் மூட்டம் ஏற்றிவிடும். கையில் கொண்டுபோனாலும் புதிய சிடி (CT) ஸ்கேனர்கள் ஆபத்து. கையால் சோதிக்கும்படி பாதுகாப்புப் பணியாளரிடம் கேட்கலாம், ஒப்புக்கொள்வது அவர்கள் விருப்பம். கூரியரில் கொடுத்தாலும் விமானச் சரக்கில் ஏறினால் இதே கதைதான். நானாக இருந்தால் ஒரு உதவியாளருக்கு மும்பைக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பேன்; பெரிய ரயில் நிலையங்களிலும் பைகளை ஸ்கேன் செய்கிறார்கள் என்பதால், கழுவாத பிலிம் என்று லேபிடமிருந்தோ உங்கள் பெயரிலோ ஒரு கடிதம் அவர் கையில் இருக்கட்டும்.

நண்பரும் நெகட்டிவும்

நண்பர் கேட்பது நம் ஊர் சினிமாவில் பழைய வழக்கம்தான். பைனான்சியருக்கு 'லேப் லெட்டர்' கொடுப்பார்கள். அவர் சம்மதம் இல்லாமல் லேபிலிருந்து எதுவும் வெளியே போகாது. ஒரு லட்ச ரூபாய் உதவிக்கு அது தேவையில்லாத விலங்கு. பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர். முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்து அதை உருவாக்குபவரே தயாரிப்பாளர். லேப் கணக்கிலும் டைட்டிலிலும் நண்பர் பெயர் ஏறிவிட்டால், நாளை மனக்கசப்பு வந்தால் அந்த இடத்துக்கு அவர் உரிமை கோர நீங்களே சான்று தயாரித்துக் கொடுத்ததாக ஆகும். அவர் தருவது கடனா, பங்கா? அதை முதலில் பேசுங்கள். கடன் என்றால் எப்போது, எப்படித் திருப்புவீர்கள் என்று ஒரு பக்க ஒப்பந்தம் போதும். பங்கு என்றால் பரிசுப் பணத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். எதுவானாலும் லேப் கணக்கும் நெகட்டிவும் உங்கள் பெயரில் இருக்கட்டும். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

லேபுக்கும் உரிமை உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவுப்படி, தன் உழைப்பைச் செலுத்திய பொருளை, கூலி வரும் வரை அது பிடித்துவைத்துக்கொள்ளலாம். கழுவிய பிறகு பணம் புரட்டலாம் என்றால் உங்கள் படம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். மறுபக்கம், லேபில் ஏதாவது கெட்டுப்போனால் முழு இழப்பீடு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள்: பெரும்பாலும் அதே அளவு புதிய பிலிம் தருவதோடு பொறுப்பு முடிந்தது என்றிருக்கும். பிலிம் கேனின் மேலும் அதே பாணி வாசகம்தான். இரண்டு நாள் படப்பிடிப்பை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அதனால் எல்லாக் கேன்களையும் ஒரே தடவையில் கொடுக்காமல், முதல் நாள் ரோலைக் கழுவி முடிவு தெரிந்த பிறகு அடுத்ததைக் கொடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

சங்கிலியைத் தொட மாட்டேன். விழாவில் பரிசு வந்தால் மீட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். குறும்படத்தில் பணம் திரும்புவது அபூர்வம். தேர்வுக்குழுவும் உங்கள் படத்தை ஒரு டிஜிட்டல் கோப்பாகத்தான் பார்க்கும். பிலிமில் எடுத்தது என்பதற்குத் தனி மதிப்பெண் இல்லை. பிலிம் உங்களுக்கு வேண்டும் என்றால், உப்பின் மேல் வெயில் விழுவதை அது பிடிக்கும் விதத்துக்காக வேண்டட்டும். அது நியாயமான காரணம்.

கதையை 8 நிமிடத்துக்குச் சுருக்குங்கள். முதல் மூன்று பக்கத்தில் வரும் பஸ் நிலையக் காட்சியை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. உப்பளத்திலேயே நடிகர்களோடு இரண்டு நாள் ஒத்திகை பாருங்கள், போனில் எடுத்து எடிட் செய்து பாருங்கள். பிறகு மூன்றுக்கு ஒன்று என்ற கட்டுப்பாட்டில் 24 நிமிடம், 864 அடி, சேதாரத்தோடு ஆயிரம் அடி. மூன்று ரோல் வாங்கினால் சோதனைக்கும் ஆபத்துக்கும் 200 அடி இருக்கும். ரோலுக்கு ரூ. 78,000, கழுவ ரூ. 30,000, ஸ்கேனுக்கு ரூ. 36,000, மொத்தம் ரூ. 1,44,000. உங்கள் சேமிப்பும் நண்பர் பணமும் சேர்ந்த இரண்டரை லட்சத்தில் மற்ற செலவுக்கு ரூ. 1,06,000 நிற்கும். கேமரா வாடகைக் கடையின் எழுத்து விலை வந்த பிறகு அது போதுமா என்று பாருங்கள். போதாதென்றால் உப்பளக் காட்சியை மட்டும் பிலிமிலும் வீட்டுக் காட்சியை டிஜிட்டலிலும் எடுக்கலாம். இரண்டின் தோற்றமும் வேறுபடும், கிரேடிங்கில் ஓரளவுதான் இணைக்க முடியும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் முழுவதையும் டிஜிட்டலில் எடுங்கள். கதை அதற்காகக் கெட்டுவிடாது.

கழுவவும் ஸ்கேனுக்குமான 66,000 ரூபாயைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் முதல் ரோலைக் கேமராவில் ஏற்ற வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படப்பிடிப்பில் பணம் தீர்ந்து, கழுவ வழியில்லாமல் வீட்டு ஃப்ரிஜ்ஜில் மாதக்கணக்கில் கிடந்த கேன்களைப் பார்த்திருக்கிறேன். எடுத்த நெகட்டிவ் காத்திருக்காது, பதிந்த படம் மங்கிக்கொண்டே போகும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகளில் உப்பு இருக்காது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதற்குள் இந்த 66,000 தனியாகச் சேரவில்லை என்றால் படத்தை அடுத்த உப்புப் பருவத்துக்குத் தள்ளிவையுங்கள். அதுவரை ரோல் வாங்கிவைக்கவும் வேண்டாம்.